ஆப்பிள் என்று சொல்லிக்கொண்ட விசைப்பலகை

எஃப்12-ஐ அழுத்தினால் ஒலி கூடுகிறது. எஃப்11-ஐ அழுத்தினால் குறைகிறது. கோப்பின் பெயரை மாற்றலாம் என்று எஃப்2-க்கு விரல் போனால் திரையின் வெளிச்சம் ஏறுகிறது. கோப்பு பழைய பெயரோடு அப்படியே கிடக்கிறது. உலாவியில் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டிய எஃப்5 சும்மா இருக்கிறது. எழுத்துகள், எண்கள், என்டர், பேக்ஸ்பேஸ் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. மேல்வரிசை மட்டும் வேறு யாருக்கோ வேலை பார்க்கிறது.

லினக்ஸ் ஓடும் கணினியில் புதிதாக ஒரு மெக்கானிக்கல் கீபோர்டை வாங்கிச் செருகிய பலரும் கண்ட காட்சி இது. சந்தேகம் முதலில் கீபோர்டின் மீதுதான் விழும். பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ? திருப்பிக் கொடுத்துவிடலாமா? பலகையின் பக்கவாட்டில் மேக், விண்டோஸ் என்று இரண்டு நிலை கொண்ட ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதை இங்கும் அங்கும் தள்ளிப் பார்ப்பார்கள். விண்டோஸ் பக்கம் வைத்தும் மாற்றமில்லை. எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்தினாலும் பல பலகைகளில் பலன் கிடையாது. அந்த விசையைப் பலகை தனக்குள்ளேயே விழுங்கிவிடுகிறது. கணினிவரை அது வந்து சேர்வதே இல்லை.

கணினியை அணைத்து மறுபடி போடும்போதுதான் ஒரு விசித்திரம் கண்ணில் படும். லினக்ஸ் எழுவதற்கு முன், பயாஸ் திரைக்குள் நுழைய எஃப்2-வைத் தட்டினால் கதவு திறக்கிறது. அதே பலகை, அதே விசை, அதே கம்பி. லினக்ஸ் ஏறி உட்கார்ந்ததும் அதே எஃப்2 வெளிச்சத்தைக் கூட்டப் போய்விடுகிறது. ஆக விசையில் பழுதில்லை. கேட்கிற ஆள் மாறியதும் சொன்ன சொல்லின் பொருள் மாறியிருக்கிறது. கீபோர்டைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பப் புறப்பட்டவர் இந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்.

டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்யூஎஸ்பி' என்று தட்டினால், செருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளின் பட்டியல் வரும். அதில் ஒரு வரியில் 05ஏசி, 024எஃப் என்று இரண்டு எண்கள். பக்கத்தில், ஆப்பிள் நிறுவனத்தின் அலுமினியக் கீபோர்டு என்ற விவரம். மேசைமேல் இருப்பதோ தடித்த பிளாஸ்டிக் உடம்பும் விசைக்கு விசை விளக்கும் கொண்ட வேறொன்று. ஆப்பிளின் மெல்லிய பலகைக்கும் இதற்கும் பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லை. அடுத்து 'டிமெசெக்' என்று தட்டி, கருவி செருகப்பட்ட நேரத்தில் லினக்ஸின் மையமான கர்னல் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். அங்கே தயாரிப்பாளர் பெயரும் மாடல் பெயரும் வாங்கிய பெட்டியில் அச்சிட்டிருந்தபடியே இருக்கும். ஒரே கருவி, ஒரே மூச்சில், எண்ணால் தன்னை ஆப்பிள் என்றும் எழுத்தால் தன்னை இன்னார் என்றும் சொல்லியிருக்கிறது. கணினி எண்ணை நம்பிவிட்டது. ஆப்பிளின் அலுமினியக் கீபோர்டு என்ற விவரத்தைக்கூடப் பலகை சொல்லவில்லை. கணினி தன்னிடம் உள்ள எண் அட்டவணையைப் புரட்டி, தானே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது.

இந்த மாதிரி அறிமுகமே தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. பழைய கணினிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து கம்பி செருகியவர்களுக்கு நினைவிருக்கும்: ஊதா வட்டத் துளை கீபோர்டுக்கு, பச்சை வட்டத் துளை மவுசுக்கு, அகன்று நீண்ட துளை பிரிண்டருக்கு. அந்தச் சின்ன வட்டத் துளை 1987-இல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளோடு வந்தது. நிறம் பிறகு சேர்ந்தது. எங்கே செருகப்பட்டாய் என்பதே நீ யார் என்பதற்கான பதில். மாற்றிச் செருகினால் வேலை செய்யாது, அவ்வளவுதான், ஏமாற்ற வழியில்லை. 1996-இல் யூஎஸ்பி வந்து எல்லாத் துளைகளையும் ஒன்றாக்கியது. கீபோர்டும் மவுசும் பிரிண்டரும் கேமராவும் பென்டிரைவும் ஒரே வாசல் வழியே வரலாம். அதுவரை இடம் சொல்லிவந்த பதிலை இனிமேல் வந்தவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. நாம் கொண்டாடுகிற வசதிக்குள்ளேயே இந்தத் தொல்லையின் விதை இருந்தது.

அந்த அறிமுகம் சுருக்கமான ஒரு சடங்கு. செருகியதும் இரண்டு தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று மேலே இழுத்துப் பிடிக்கிறது. எந்தக் கம்பி என்பதை வைத்து, வந்திருப்பது மெதுவானதா வேகமானதா என்று கணினி தெரிந்துகொள்கிறது. இதுவரை உடம்பின் பேச்சு. பிறகு வாய்ப்பேச்சு தொடங்கும். புதிதாக வந்த யாருக்கும் முகவரி பூஜ்யம்தான். 'நீ யார்' என்ற கேள்விக்குக் கருவி 18 பைட்டில் பதில் தருகிறது. அதில் இரண்டு பைட் தயாரிப்பாளர் எண், இரண்டு பைட் பொருளின் எண். 1 முதல் 127-க்குள் ஒரு முகவரி அதற்கு ஒதுக்கப்படுகிறது. தயாரிப்பாளரின் பெயர் அந்த 18 பைட்டுக்குள் கிடையாது; பெயர் வேண்டுமானால் இன்ன இடத்தில் கேள் என்ற குறிப்பு மட்டும் உண்டு. எண் கேட்காமலே வருகிறது. பெயரைத் தனியாகக் கேட்க வேண்டும். யார் சொல் அம்பலம் ஏறும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

தயாரிப்பாளர் எண்ணை யூஎஸ்பி இம்ப்ளிமெண்டர்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு வழங்குகிறது. சும்மா அல்ல, சில ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். 05ஏசி ஆப்பிளுக்குக் கொடுக்கப்பட்ட எண். வேறொருவர் அதைத் தம் சில்லுக்குள் எழுதிக்கொண்டால் தடுக்க இந்தச் சடங்கில் ஏதுமில்லை. கையெழுத்து கேட்பதில்லை, சாட்சி கேட்பதில்லை. வந்தவர் சொன்னதே சான்று.

இதன் ஆபத்தை உலகுக்குக் காட்டியவர்கள் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள். 2014-இல் பிளாக் ஹேட் மாநாட்டில் அவர்கள் விளக்கிய தாக்குதலுக்கு பேட்யூஎஸ்பி என்று பெயர். பென்டிரைவின் உள்ளே இருக்கும் நிரலை மாற்றிவிட்டால், அது தன்னைக் கீபோர்டு என்று அறிமுகம் செய்துகொண்டு, ஆள் இல்லாமலே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். கணினிக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் எல்லா வேஷமும் சூழ்ச்சி அல்ல. மளிகைக் கடை கல்லாவில் பார்கோடு வாசிக்கும் கருவியைப் பாருங்கள். பெரும்பாலானவை தம்மைக் கீபோர்டு என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. கோட்டின் மீது ஒளி பட்டதும் அந்தப் பதின்மூன்று இலக்கத்தையும் யாரோ மின்னல் வேகத்தில் தட்டியதுபோல அனுப்பி, கடைசியில் ஒரு என்டரும் போட்டுவிடும். தனக்கென்று ஒரு டிரைவர் கேட்டு எந்தக் கல்லாவையும் அது தொந்தரவு செய்வதில்லை. கீபோர்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரில் வந்தால் எந்த வீட்டிலும் உட்கார இடம் கிடைக்கும்.

நம் மெக்கானிக்கல் பலகை ஆப்பிள் என்று சொல்லிக்கொண்டதும் இந்த வகைதான். மேக் கணினி, ஆப்பிளின் சொந்தக் கீபோர்டுக்குத் தனி மரியாதை தருகிறது. எஃப்என் விசை, வெளிச்சம் கூட்டுவது, திரையில் ஜன்னல்களைப் பரப்பிக் காட்டுவது போன்ற சிறப்பு விசைகள் எல்லாம் ஆப்பிளின் எண்ணைக் கண்டால் உடனே ஒழுங்காக இயங்கும். மேக் வைத்திருப்பவரிடமும் விற்க நினைத்த சில தயாரிப்பாளர்கள் சுருக்கு வழியாக அந்த எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். பக்கவாட்டுச் சுவிட்சை விண்டோஸ் பக்கம் தள்ளினால் ஆல்ட் விசையும் அதன் பக்கத்து விசையும் இடம் மாறும். மேல்வரிசை எஃப்1, எஃப்2 என்று அனுப்பத் தொடங்கும். எண் மட்டும் மாறாது. மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் விண்டோஸில் செருகிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.

விண்டோஸில் ஏன் சரியாக இருந்தது என்ற கேள்விதான் எனக்கு இந்த விஷயத்திலேயே சுவாரசியமானது. விண்டோஸ் விழிப்பாக இருந்து பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை. ஆப்பிள் கீபோர்டு என்றால் என்ன விசேஷம் என்று சாதாரண விண்டோஸ் கணினிக்குத் தெரியாது. வந்தது கீபோர்டு, ஆகவே பொதுவான கீபோர்டு டிரைவரைக் கொடுத்து உட்காரவைத்தது. பயாஸ் அதைவிட வெகுளி. யூஎஸ்பி விதிநூலில் பயாஸ் மாதிரி எளிய கேள்வியாளருக்கென்றே ஒரு சுருக்க முறை உண்டு: ஒவ்வொரு முறையும் எட்டு பைட், முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை, இரண்டாவது காலி, மீதி ஆறில் அழுத்தப்பட்ட விசைகள். யார் தயாரித்தது என்ற விசாரணைக்கே அங்கு இடமில்லை.

லினக்ஸோ விஷயம் தெரிந்த ஆள். ஆப்பிள் கீபோர்டை லினக்ஸில் பயன்படுத்த விரும்பியவர்கள், ஆப்பிளின் உதவி இல்லாமலேயே, ஒவ்வொரு மாடலின் எண்ணையும் குணத்தையும் குறித்துவைத்து, அதற்கென்று ஒரு தனி டிரைவர் எழுதினார்கள். ஹெச்ஐடி ஆப்பிள் என்று அதற்குப் பெயர். எஃப்1 வந்தால் வெளிச்சத்தைக் குறை, எஃப்10 வந்தால் ஒலியை நிறுத்து என்று உண்மையான ஆப்பிள் பலகையில் அச்சிட்டிருக்கும் படங்களுக்கு ஏற்ப அது பொருள் மாற்றித் தரும். 05ஏசி என்ற எண் வாசலில் தெரிந்ததும் அந்த டிரைவர் எழுந்து வந்து உபசாரத்தை ஆரம்பித்துவிடுகிறது.

கல்யாணப் பந்தியில் ஒருவர் வந்து உட்கார்ந்து, மாப்பிள்ளைக்குப் பெரிய மாமா என்று சொல்லிக்கொள்கிறார் என்று வையுங்கள். பரிமாற வந்த கேட்டரிங் பையனுக்கு மாப்பிள்ளையையும் தெரியாது, மாமாவையும் தெரியாது. எல்லோருக்கும் போல இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டு நகர்கிறான். வந்தவருக்குத் திருப்தி. அடுத்த பந்தியில் பரிமாறுவது பெண்ணின் சித்தி. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரையும் பற்றி அக்கறையாக விசாரித்து வைத்திருக்கிறவர். "சம்பந்தி, உங்களுக்கு இனிப்பு ஆகாதாமே" என்று பரிவோடு சொல்லிப் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். விண்டோஸ் அந்தப் பையன். லினக்ஸ் அந்தச் சித்தி.

ஏமாந்தது யார் என்று பார்த்தால், அறியாதவன் ஏமாறவில்லை. அவனிடம் பொய்க்கு வேலையே இல்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் அதே பாயசம். பொய் பலிக்க வேண்டுமானால் எதிரில் இருப்பவருக்கு அந்தப் பெயரைப் பற்றி ஏற்கனவே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸை ஏமாற்றியது பலகை அல்ல, அதன் சொந்த ஞாபகம். வல்லுநர்கள் விழுகிற குழிகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. புதிய மருத்துவர் நோயாளியிடம் பத்துக் கேள்வி கேட்பார். அனுபவசாலி முதல் பதிலிலேயே வியாதியின் பெயரைக் கண்டுகொண்டு, மீதி ஒன்பது பதிலையும் அந்தப் பெயருக்குள் அடக்கிவிடுவார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும். அதனால்தான் தவறும்போது அவராலேயே அதை நம்ப முடிவதில்லை. அறியாமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. சித்தியின் அக்கறை இல்லாவிட்டால் உண்மையான பெரிய மாமா மயங்கி விழுந்திருப்பார்.

பொய் சொன்ன பலகையைத் திட்டுவதற்கு முன் லினக்ஸின் வீட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர், மின்சார நிர்வாகத்துக்கான ஏசிபிஐ என்ற ஏற்பாட்டின் வழியே, இயங்குதளத்திடம் ஒரு கேள்வி கேட்கும்: நீ விண்டோஸா? பதிப்புவாரியாகக் கேட்கும். விண்டோஸ் 7-ஆ, விண்டோஸ் 10-ஆ? லினக்ஸ் அத்தனைக்கும் ஆமாம் என்கிறது. நீ லினக்ஸா என்று கேட்டால், இல்லை என்கிறது. இது ஒளிவுமறைவாக நடப்பதல்ல. கர்னலின் ஆவணங்களிலேயே காரணத்தோடு எழுதிவைத்திருக்கிறார்கள். கணினி தயாரிப்பாளர்கள் விண்டோஸை வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். விண்டோஸ் என்ற பதிலுக்குப் பின்னால் இருக்கும் பாதை நாலு பேர் நடந்து பார்த்த பாதை. லினக்ஸ் என்ற பதிலுக்குப் பின்னால் யாரோ அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போன பாதைதான் இருக்கும். அதில் போனால் கணினி தூங்கி எழாது, மின்விசிறி நிற்காது. உண்மை சொல்லி அவதிப்படுவதைவிட அடுத்தவர் பெயரைச் சொல்லிப் பிழைப்பது மேல் என்று லினக்ஸ் முடிவு செய்துவிட்டது.

உலாவிகளின் கதையும் இதுவே. நெட்ஸ்கேப் உலாவியின் உள்பெயர் மொசில்லா. அந்தப் பெயரைக் கண்டால்தான் தளங்கள் நல்ல பக்கத்தைக் கொடுக்கும் என்றாகிவிட்ட தொண்ணூறுகளில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தன்னை மொசில்லா என்று சொல்லிக்கொண்டது. 2008-இல் பிறந்த குரோம் இன்றைக்கும் ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் மொசில்லா, ஆப்பிள் வெப்கிட், கேஹெச்டிஎம்எல், கெக்கோ, சஃபாரி என்று முன்னோர் பெயரையெல்லாம் அடுக்கி, நடுவில் தன் பெயரையும் செருகிவைக்கிறது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, பொய் என்ற சொல்லே கொஞ்சம் பொருந்தாமல் போகிறது. இவற்றில் ஒன்றுகூட அடுத்தவராக வாழ ஆசைப்பட்டு அடுத்தவர் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் சில பெயர்களுக்கு மட்டும் திறக்கிற கதவு இருந்தது. உள்ளே போக வேண்டியிருந்தது. கதவைச் செய்தவருக்கு அப்போது அந்த நாலு பெயர்கள்தான் தெரிந்திருந்தன. பிறகு வந்த ஐந்தாமவர், கதவை மாற்றச் சொல்லிக் காத்திருப்பதைவிடப் பெயரை மாற்றிக்கொள்வதே சுலபம் என்று கண்டுகொண்டார். வாசலில் கேட்கும் பொய்களின் எண்ணிக்கை கூடக் கூட, அங்கே நிற்பவர்களின் ஒழுக்கத்தைவிட அந்தக் கதவு எவ்வளவு குறுகியது என்பதுதான் நமக்கு அதிகம் தெரியவருகிறது.

சரி, பலகைக்கு வருவோம். நிவாரணம் மிகச் சிறியது. கர்னல் தன் நிலைமையைக் கோப்புகளாகக் காட்டும் 'சிஸ்' என்ற கோப்பகத்துக்குள், ஹெச்ஐடி ஆப்பிள் டிரைவரின் பெயருக்குக் கீழே 'எஃப்என்மோடு' என்று ஒரு கோப்பு இருக்கிறது. உள்ளே ஒரே ஓர் இலக்கம். 1 என்றால் வெளிச்சமும் ஒலியும் முதலில். 2 என்றால் எஃப் விசைகள் முதலில். பூஜ்யம் என்றால் எஃப்என் சமாச்சாரத்தையே விட்டுவிடு. நிர்வாகி உரிமையோடு அதில் 2 என்று எழுதிய நொடியே மேல்வரிசை சொன்னபடி கேட்கிறது. மறுமுறை கணினியைப் போடும்போதும் நிலைக்க வேண்டுமானால் 'மாட்புரோப்' அமைப்புக் கோப்பகத்தில் ஒரு வரி எழுதி, உபுண்டு, டெபியன் போன்றவற்றில் தொடக்கப் படிமத்தையும் புதுப்பித்துவிட வேண்டும். கீபோர்டு டிரைவர் மிகச் சீக்கிரமே எழுந்துவிடுவதால் இந்தக் கடைசி வேலையை மறந்தவர்கள் மறுநாள் காலை மறுபடி எரிச்சலடைகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்தனைக்குப் பிறகும் எல்எஸ்யூஎஸ்பி பட்டியலில் அந்தப் பலகை ஆப்பிளின் அலுமினியக் கீபோர்டாகவே இருக்கிறது. நாம் பெயரைத் திருத்தவில்லை. இது ஆப்பிள் இல்லை என்று லினக்ஸிடம் வாதாடி நிரூபிக்கவும் இல்லை. ஆப்பிள் என்றே இருந்துவிட்டுப் போகட்டும், நடத்தும் விதத்தை மாற்று என்று கேட்டோம். வழக்கு தீரவில்லை, தொல்லை தீர்ந்துவிட்டது. ரேஷன் அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் பிழையான பெயரோடு ஆயுள் முழுக்கக் காலம் தள்ளியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்!

ஆனால் இந்தச் சமாதானத்துக்கு ஒரு விலை இருக்கிறது. எஃப்என்மோடு என்பது அந்த ஒரு பலகைக்கான அமைப்பு அல்ல, டிரைவர் முழுமைக்குமானது. நாளைக்கு அதே கணினியில் உண்மையான ஆப்பிள் கீபோர்டு ஒன்றைச் செருகினால், அதற்கும் எஃப் விசைகள்தான் முதலில் வரும். வெளிச்சம், ஒலி என்று படம் போட்ட விசைகள் படத்துக்கு ஏற்ப வேலை செய்யாது. போலியைப் பார்த்துக் கற்ற பாடம் அசலின் தலையில் விடிகிறது. ஒருவரிடம் ஏமாந்துவிட்டு அவர் கூட்டத்தையே வேறு மாதிரி நடத்தத் தொடங்குவது மனிதர்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

கர்னலை எழுதுகிறவர்கள் 2022-இல் இதற்குக் கொஞ்சம் நுட்பமான வழி கண்டார்கள். ஆப்பிளின் எண்ணோடு யாராவது வந்தால், எண்ணோடு நின்றுவிடாமல் பெயரையும் கேள். ஆப்பிள் அல்லாதவற்றின் பெயர்ப்பட்டியல் ஒன்றை டிரைவருக்குள்ளேயே வைத்துக்கொள். பெயர் அதில் இருந்தால் எஃப் விசைகள் முதலில். இல்லாவிட்டால் ஆப்பிள் மரியாதை. எஃப்என்மோடு கோப்பில் 3 என்ற எண் இதற்காகவே சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டியலில் கீக்ரான், கான்ஸ் போன்ற தயாரிப்பாளர் பெயர்களோடு, 'சோனிக்ஸ் யூஎஸ்பி டிவைஸ்' என்றும் ஒரு பெயர் இருக்கிறது. சோனிக்ஸ் என்பது உள்ளே இருக்கும் சில்லைச் செய்த நிறுவனம். அதாவது பலகையைச் செய்தவர் ஆப்பிளின் எண்ணை எடுத்துப் போட நேரம் ஒதுக்கியிருக்கிறார். தன் பெயரை எழுதிக்கொள்ள நேரமில்லை. சில்லோடு வந்த பெயரை அப்படியே விட்டுவிட்டார். இந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், பழுதான சரக்கு என்று திருப்பி அனுப்பாமல், உட்கார்ந்து தேடிய யாரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

தேடுவதற்கு லினக்ஸில் யூஎஸ்பிமான் என்று ஒரு வசதி உண்டு. கம்பி வழியே ஓடும் பைட்டுகளை, எந்த டிரைவரும் கை வைப்பதற்கு முன்பு, உள்ளது உள்ளபடி அது காட்டும். சுவிட்ச் விண்டோஸ் பக்கம் இருக்க, எஃப்1-ஐ அழுத்தினால் அங்கே தெரிவது 58. எஃப்12-க்கு 69. இரண்டும் விதிநூலில் அந்த விசைகளுக்கு உரிய எண்கள்தான். முதல் நாளிலிருந்தே பலகை சரியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. தன் பெயரைப் பற்றி உண்மை சொல்லாத அந்தப் பலகை, தட்டிய விசையைப் பற்றி ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. 58 என்று வந்ததை வெளிச்சம் என்று மாற்றிப் படித்தது, வந்தவரைத் தெரியும் என்று நினைத்த நம் பக்கத்து அறிவு. ஒருவர் யார் என்பதைப் பற்றி நாம் வைத்திருக்கும் முடிவு, அவர் செய்வதை நம் கண்ணுக்கு வந்து சேரும் முன்பே மொழிபெயர்த்துவிடுகிறது. அதற்கு முந்திய இடத்தில் போய் நின்று பார்ப்பதற்கு ஒரு கருவி வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையும். மனிதர்கள் விஷயத்தில் அந்தக் கருவி எங்கே கிடைக்கும் என்று யாரும் இதுவரை ஆவணம் எழுதவில்லை.

விதிநூலில் இன்னொரு பைட்டும் உண்டு. எந்த நாட்டுக்கான கீபோர்டு என்று பலகை விரும்பினால் அதில் சொல்லலாம். 1 அரபு, 15 ஜப்பான், 33 அமெரிக்கா. 34 யூகோஸ்லாவியா; நாடு போய்விட்டது, எண் இருக்கிறது. 35-ஓடு பட்டியல் முடிகிறது. இந்தியா இல்லை, இலங்கை இல்லை, தமிழ் இல்லை. இதற்காக வருத்தப்படலாம் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான பலகைகள் அந்த இடத்தில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டுப் போகின்றன. நான் இன்ன நாடு என்று சொல்லிக்கொள்ளாத பலகையை எந்த நாட்டுக்காரராகவும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள முடியாது. விசைக்கு அது அனுப்புவது எழுத்தைக்கூட அல்ல, இடத்தை. இடக்கைச் சுண்டுவிரல் விழும் இடத்துக்கு 4, வலக்கைச் சுட்டுவிரல் விழும் இடத்துக்கு 13. அந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்பது கணினியில் உட்கார்ந்திருப்பவரின் விருப்பம்.

ஆகவே ஆப்பிள் எண்ணோடு வந்த அந்தப் பலகையிலும், மேல்வரிசை தாறுமாறாகக் கிடந்த நாட்களில்கூட, தமிழ் எழுத ஒரு சிரமமும் இருந்ததில்லை. எழுத்து விசைகளை மாற்றிப் படிக்கும் அளவுக்கு அவற்றைப் பற்றி டிரைவருக்கு எதுவும் தெரியாது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 அமைப்பை லினக்ஸில் தேர்ந்துகொண்டு, 13, 15, 15, 7 என்ற இடங்களைத் தட்டினால் திரையில் 'பத்து' என்று விழுகிறது. இரண்டு தகரத்தில் முதலாவதன் தலையில் புள்ளி வைக்க வேண்டும் என்பது தமிழ்99-இன் விதி. அதற்கென்று பலகை தனியாக ஓர் எண்ணும் அனுப்புவதில்லை.